இரண்டு விரல் வெளியே

அன்புள்ள மாமி,

கொழும்பில் நடந்த பெண்கள் சர்வதேசக் கரப்பந்தாட்டப் போட்டிக்குப் போய் வந்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால், வந்ததும் உங்களிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன். ஒரு வாரமாக மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

போவதில்லை என்றுதான் இருந்தேன். கோட்டு நடுவராக என்னை அழைத்துக் கடிதம் வந்தபோது நீங்கள் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. போன தடவை நடுவர் பயிற்சிக்காக நான் கண்டியில் இருந்த அன்றுதான் நுவரெலியா ஆஸ்பத்திரியில் உங்கள் மூச்சு நின்றது. "லேசான காய்ச்சல்தான், நீ போ புள்ள" என்றீர்கள். நம்பிப் போனேன். அது லேசான காய்ச்சல் இல்லை என்று உங்களுக்குத் தெரியுமா, மாமி? தெரிந்துதான் அனுப்பினீர்களா?

கடிதத்தை அலுமாரியில் போட்டுவிட்டேன். உங்கள் மகன் எடுத்துப் படித்தார். அவர் லேசில் வாய் திறக்காதவர். "அம்மா பாத்த மாதிரி புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன். மூணு நாளைக்கு ஆட்டோ ஓடாட்டி என்ன?" என்றார்.

தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியையாகச் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு நடுவர் பரீட்சைக்கும் நான் போனது உங்களால். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு நனைந்த சேலையோடு வந்து, என் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொள்வீர்கள். "மருமக கால்சட்ட போட்டுக்கிட்டு ஊர் ஊரா போகுதே" என்று லயத்து வீட்டு வரிசையில் ஒருத்தி கேட்டபோது, "போட்டுக்கிட்டுத்தானே போகுது" என்றீர்களே.

கடைசி நாள் ஆட்டத்தைச் சொல்கிறேன். நம் நாட்டு அணியும் வெளிநாட்டு அணியும் ஆளுக்கு இரண்டு செட் எடுத்திருந்தார்கள். ஐந்தாவது செட்டில் அவர்கள் பதினான்கு, நாங்கள் பதின்மூன்று. நம் பிள்ளை ஒருத்தி வலைக்கு மேலே எகிறி ஓங்கி அடித்தாள். பந்து யார் கையிலும் படாமல் நான் பார்த்துக்கொண்டிருந்த கோட்டுக்கு வந்தது. இரண்டு விரல் வெளியே விழுந்தது.

வெளியே என்று கொடியை உயர்த்தினேன். பிரதான நடுவர் அதைப் பார்த்து விசில் ஊதினார். பதினைந்தாவது புள்ளி அவர்களுக்குப் போனது. தோற்றுவிட்டோம்.

அரங்கமே என் பக்கம் திரும்பிக் கத்தியது. எனக்குப் பின்னால் ஒருவர், நீ எந்த நாட்டுக்காரி என்று சிங்களத்தில் கேட்டார். அந்தச் சத்தத்தில் என் கண்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, மாமி. சரியாகத்தான் பார்த்தேனா? உள்ளே என்று நான் கொடியைத் தாழ்த்திக் காட்டியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

எல்லோரும் போன பிறகு குழாயடியில் முகம் கழுவப் போனேன். பந்தை அடித்த அந்தப் பிள்ளை அங்கே நின்று அழுதுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, வெளியேதான் போனது. அடித்ததுமே என் கைக்குத் தெரிந்துவிட்டது" என்று சிங்களத்தில் சொன்னாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

ஹட்டன் ஸ்டேஷனுக்கு உங்கள் மகன் ஆட்டோவோடு வந்திருந்தார். ஆட்டத்தை டிவியில் பார்த்திருக்கிறார். பாதி வழியில் கேட்டார்.

"நெசமாவே வெளியவா?"

"ஆமாங்க."

"எம்புட்டு?"

"ரெண்டு விரல்."

"அப்ப சரி."

அவ்வளவுதான். மறுநாள் ஆட்டோ ஸ்டாண்டில் கூட்டாளிகள், உன் பெண்டாட்டிதான் நம்மைத் தோற்கடித்தாள் என்று கேலி செய்தார்களாம். இவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு விரலை நீட்டிக் காட்டி, "இம்புட்டு வெளிய" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

இன்னொரு விஷயம். மேல் லயத்துச் செல்வராணி நடுவர் பரீட்சை எழுத ஆசைப்படுகிறாள். கையில் எட்டு மாதப் பிள்ளை. "பாக்க ஆளில்ல டீச்சர், அடுத்த வருசம் பாப்போம்" என்றாள். "ஞாயித்துக்கெழம எங்கிட்ட விட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. பிள்ளை அழுதால் நானும் சேர்ந்து பதறுகிறவள். உங்கள் பொறுமை எனக்கு ஏது?

ஆனாலும் அவள் எழுதி முடித்து பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அந்தப் பிள்ளை பசியில் அழாது, மாமி. நான் பார்த்துக்கொள்வேன்.

உங்கள் மருமகள்,
சாந்தி
வட்டகொடை