சண்டைக்கு உங்கள் தமிழ்

காலையில் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் உங்களுக்குப் பிடித்த வடகறி வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது. வாங்கிவந்து தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். உங்களிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது, கேளுங்கள்.

நமக்குக் கல்யாணமான புதிதில் எனக்குக் கோபம் வந்தால் ஒரு வாரம் பேசமாட்டேன். மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் கோபம் என்றாலே மௌனம்தான். "எனக்கென்ன, உங்க இஷ்டம்" என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பெரிய வசவு. சைதாப்பேட்டைக்காரரான உங்களுக்கு அது தாங்கவில்லை.

"இன்னாமே, திட்டணும்னா வாயத் தொறந்து திட்டு. உங்க ஆத்து பாஷைல சண்டையே வராது. எங்க பாஷைல போடு" என்றீர்கள்.

அப்படித்தான் நம் மாம்பலம் வீட்டுச் சட்டம் உருவானது. சண்டை உங்கள் தமிழில், சமாதானம் என் தமிழில். முதல் தடவை நான், "இன்னாய்யா, எங்க சுத்திக்கினு வர்ற?" என்று தட்டுத்தடுமாறியதும் நீங்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். போகப்போக நன்றாகவே வந்தது. அந்தத் தமிழில் எனக்குப் பயமே கிடையாது. மனதில் இருப்பது நேரே வாய்க்கு வந்துவிடும், சொல்லி முடித்ததும் கோபமும் போயிருக்கும். பிறகு நீங்கள் குழைந்துகொண்டு, "காப்பி சாப்பிடறேளா?" என்பீர்கள். உங்கள் உருட்டல் மிரட்டலெல்லாம் எங்கே போகுமோ! அவ்வளவு சாதுவான மனிதரை உங்கள் தம்பிகள்கூடப் பார்த்ததில்லை.

நீங்கள் போனபின் சண்டை போட ஆளில்லை. பழையபடி வாயை மூடிக்கொண்டேன். இந்த வீட்டை விற்றுவிட்டு நங்கநல்லூரில் தன்னோடு வந்து இருக்கும்படி நம் பிள்ளை கேட்டான். எனக்குத் துளியும் விருப்பமில்லை. ஆனாலும் "உன் இஷ்டம்டா கண்ணா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் பிள்ளை அல்லவா, அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

நேற்று புரோக்கரோடு வந்து ஹாலை அளக்க ஆரம்பித்தான். எங்கிருந்துதான் வந்ததோ, "டேய், இன்னா நெனச்சிக்கினு கீற நீ? இது என் வூடு. நான் எங்கியும் வர்ல!" என்றேன். புரோக்கர் டேப்பைச் சுருட்டிக்கொண்டார். பிள்ளை அசந்துபோய் நின்றான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா!"

நீங்கள் போனபோது அந்த வாயாடியும் உங்களோடு போய்விட்டாள் என்றுதான் இத்தனை நாளும் அழுதுகொண்டிருந்தேன். போகவில்லை. இங்கதான் கீறா.