மூன்றாம் மாடியின் பச்சை விளக்கு

பிப்ரவரி 3, செவ்வாய்

கழுத்து வலி உயிர் போகிறது. நாள் முழுக்க அண்ணாந்து நின்றால் வேறென்ன ஆகும்? கண்ணில் ஜிப்சம் தூள் வேறு. அக்கா பார்த்துவிட்டு, "கண்ணாடி போட்டுக்கினு வேல செய்யேன்டி" என்றாள். போட்டால் வியர்வையில் ஒன்றும் தெரிவதில்லை என்று அவளுக்கு எத்தனை தரம் சொல்வது?

சிறுசேரி லேடீஸ் ஹாஸ்டலில் இரண்டாவது மாடி முடிந்தது. அறைக்கு ஒரு ஹூட்டர், கூரையில். நெருப்பு என்றால் ஊரைக் கூட்டும். கூடவே ஒரு வெள்ளை விளக்கு பளீர் பளீரென்று மின்னும்.

மூன்றாவது மாடியில்தான் வினை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வேலைக்குப் போக மாட்டோம். சாம் மாமா அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அதில் கறார்: சர்ச், சாப்பாடு, தூக்கம். ஸ்பேனரைக்கூடத் தொட மாட்டார். இந்த ஞாயிறு நாங்கள் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் சீலிங் ஆட்கள் வந்து மாடி முழுவதையும் மூடிவிட்டார்கள். எங்கள் ஒயர் இன்னும் உள்ளே போகவே இல்லை. நேற்று சாமான் வாங்க அலைந்துவிட்டு இன்று போய்ப் பார்த்தால் பெயின்ட்டும் அடித்தாயிற்று.

"சர்ச்சுக்குப் போன நேரமா பாத்து மூடிக்கீறானுங்க பாரு" என்று மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

ஓனரிடம் மாமா கெஞ்சியதை ஏணி மேலிருந்து பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். சீலிங்கைத் தொடவே கூடாதாம். அடுத்த வாரம் ஹாஸ்டல் திறக்கிறதாம். "அண்ணாந்து பாத்தா மெஷின் இருக்கணும், அவ்ளோதான்" என்றார் ஓனர்.

நெருப்பு அலாரம் பேனல் வேறு காலையிலிருந்து கீ கீ என்று கத்தியது. அதற்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு மாடியிலும் கடைசி ஹூட்டரில் அரிசி மணி அளவுக்கு ஒரு ரெசிஸ்டர் வைப்போம். கீழே இருக்கும் பேனல் ஒயர் வழியாக அதைத் தேடிக்கொண்டே இருக்கும். கிடைத்தால் பச்சை விளக்கு. கிடைக்காவிட்டால், எங்கேயோ ஒயர் அறுந்திருக்கிறது என்று மஞ்சள் விளக்கும் கூச்சலும். வேலை நடக்கும்போது அந்தக் கூச்சல் தாங்காமல் ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளேயே மாட்டி வைப்போம். வேலை முடிந்ததும் எடுத்துக் கடைசிக்குக் கொண்டுபோவோம். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்.

"மூணாவது மாடிக்கும் அப்டியே மாட்டு அரசி. ரெண்டு நாளிக்குத்தான். ஓனரு கோவம் ஆறட்டும், அப்பால தொறந்துக்கலாம்" என்றார் மாமா.

மாட்டினேன். பச்சை எரிந்தது. மாடியில் ஹூட்டர்களை வெறும் ஸ்க்ரூ போட்டுக் கூரையில் நிறுத்தினோம். கீழிருந்து பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

பிப்ரவரி 9

இன்றும் பச்சை. மாமா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

ஹாஸ்டல் திறந்துவிட்டது. மூன்றாவது மாடியில் ஒரு ஹூட்டர் கோணலாகத் தெரிகிறது என்று வார்டன் ஜோதிலட்சுமி மேடம் கூப்பிட்டார்கள். தாழ்வாரத்துக் கடைசி அறை. உள்ளே சஹானா என்று ஒரு பெண், சாப்ட்வேர் கம்பெனி ஐடி கார்டு கழுத்தில். நான் ஏணியில் ஏறி ஹூட்டரைத் திருப்பிக்கொண்டிருக்க, கீழிருந்து போனை நீட்டினாள். தமிழில் டைப் செய்திருந்தாள்.

"அக்கா, இது லைட்டும் அடிக்குமா? சத்தம் மட்டும்தானா? எனக்குக் காது கேட்காது."

தலை தானாக ஆடிவிட்டது. ஆமாம் என்று.

அவள் மறுபடி டைப் செய்தாள். முன்பு இருந்த ஹாஸ்டலில் கிச்சன் புகைந்து எல்லாரும் வெளியே ஓடியிருக்கிறார்கள். இவள் மட்டும் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு சிநேகிதி நினைவு வந்து திரும்பி ஓடிவந்து எழுப்பியிருக்கிறாள். "இந்த லைட்டைப் பார்த்துத்தான் இங்கே வந்தேன். தேங்க்ஸ் அக்கா."

எனக்குத் தேங்க்ஸ்! ஏணியை மடக்கும்போது விரல் நசுங்கியது. நன்றாக வேண்டும்.

பிப்ரவரி 13, வெள்ளி

வண்டியில் வரும்போது மாமாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே சஹானாவைப் பற்றிச் சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"இன்னா பண்ணச் சொல்ற? சீலிங்க நான் ஒடச்சா, ஓனரு என்ன ஒடப்பான். மொத மொதல்ல சொந்தமா எடுத்த வேல இது. நெருப்பு இன்னா தெனிக்குமா வருது?"

"அப்ப எதுக்கு மாமா இத மாட்றோம்?"

கேளம்பாக்கம் தாண்டினோம். திருப்போரூர் வந்ததும் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "உன்ன வேற எவன் ஏணில ஏத்துவான், சொல்லு?"

உண்மைதான். ஐடிஐ முடித்து நான் ஏறி இறங்கிய கம்பெனிகளில் எல்லாம் போன் எடுக்கும் வேலைதான் தருவதாகச் சொன்னார்கள். கையில் டிரில்லிங் மெஷினைக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான். சோறு இவர் வீட்டில். படுக்கை இவர் ஹாலில். வேலைக்குப் போவதும் வருவதும் இவர் வண்டியில். எனக்கென்று எந்தப் பக்கம் கதவு இருக்கிறது? மாமா கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

பிப்ரவரி 17, செவ்வாய்

அக்காவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஏழாம் மாசம். பிரஷர் கூடியிருக்கிறதாம், மனசைச் சாந்தமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள்.

"இன்னாடி நடக்குது உங்க ரெண்டு பேருக்குள்ள? அவரு ராத்திரில பொரண்டுகினே கீறாரு."

"ஒண்ணுமில்ல."

"உனக்கு இன்னா கொற வச்சாரு அவரு? புள்ள பொறக்கற வரிக்கும் வூட்ல சண்ட வேணாம். என் வயித்தத் தொட்டுச் சொல்லு."

தொட்டேன். உள்ளே குழந்தை அசைந்தது. அக்காவுக்குப் போய் பாப்பா என்று பேர் வைத்தார்கள். சின்ன வயதிலிருந்து சத்தியம் வாங்கியே என்னைக் கட்டிப்போடுகிறாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிவிட்டன. சர்ச்சில் மாமா கண்ணைத் திறக்கவே இல்லை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் எங்கே போனாலும் கூரையைத்தான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

நாளைக்கு ஓனர் முன்னால் டெஸ்ட். இரண்டாவது மாடி வரை அலற விட்டால் போதும் என்கிறார் மாமா. மூன்றாவது மாடியில் நைட் ஷிஃப்ட் பெண்கள் தூங்குகிறார்கள் என்று சொல்லிக்கொள்ளலாமாம். நான் பேனல் பக்கத்தில் நின்று பட்டனை அமுக்கினால் மட்டும் போதும்.

போதுமாம்.

பிப்ரவரி 25, புதன்

செய்துவிட்டேன்.

இரண்டு மாடியும் நன்றாக அலறின. ஓனர் காதைப் பொத்திக்கொண்டு, நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றார். மூன்றாவது மாடி என்று மேடம் இழுத்தார்கள். "பொண்ணுங்க தூங்குதுங்க மேடம், பாவம்" என்றார் மாமா. அந்தப் பொய் அவருக்கு வாயில் சரியாக வரவில்லை, தடுக்கியது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் மேடம், "சஹானா முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கா. லீவு போட்டுட்டு லைட்டுக்காக உக்காந்திருக்கா. வீடியோ எடுத்து அவங்க அம்மாவுக்கு அனுப்பணுமாம்" என்றார்கள்.

மேலே கட்டிலில் உட்கார்ந்து, போனைப் பிடித்துக்கொண்டு, அந்த வெறும் டப்பாவை அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரம் பார்ப்பாள்? ஐயோ, என்னால முடியல. முடியவே இல்ல. அக்கா வயித்துல வச்ச கை இதுதானே, அதே கையால பேனலத் தொறந்து ரெசிஸ்டரப் புடுங்கிட்டேன்.

மஞ்சள். கீ கீ கீ.

"மூணாவது மாடிக்கு ஒயரே போகல மேடம்" என்றேன்.

ஓனர் என்னென்னவோ கத்தினார். மாமா திட்டவில்லை. ரெசிஸ்டருக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார். முதல் தடவையாக என்னை விட்டுவிட்டு. மூன்று பஸ் மாறி சதுரங்கப்பட்டினத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மாமல்லபுரத்தில் கல்பாக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது எங்கேயாவது போய்விடலாமா என்று தோன்றியது. எங்கே?

பிப்ரவரி 28

அக்கா தட்டை வைக்கிறாள், பேசுவதில்லை. அடுத்த பில்டிங் வேலையை ஓனர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாராம். மூன்றாவது மாடியை முடிக்காமல் விடமாட்டேன் என்று மேடம்தான் நிற்கிறார்களாம். ஹாஸ்டல் காலியாக இருக்கும் நாளாகப் பார்த்து வந்து, சீலிங்கை வெட்டி, எங்கள் கையாலேயே பூசி, பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டுமாம். அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் வழியாகத்தான் எனக்குத் தெரிகிறது.

காலையில் மாமா தனியாகக் கிளம்பினார். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 4

சும்மா இருக்கிறேன். கழுத்து வலி இல்லை. இருந்தால் தேவலை.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் சர்ச்சுக்கு வெள்ளைப் புடவை எடுத்து வைத்தேன். வெளியே வந்தால் மாமா வண்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை! பழைய வேலைச் சட்டை. அக்கா வாசலில் நின்று, "இன்னிக்கா? இன்னிக்கா போறீங்க?" என்று அவரையே பார்த்தாள்.

"பொண்ணுங்க பாதி பேரு ஊருக்குப் போற நாளு இன்னிக்குத்தான்" என்றார் அவளிடம். பிறகு, என்னைப் பார்க்காமல்: "ஏறு."

புடவையை வைத்துவிட்டு ஓடினேன். தாழ்வாரத்தில் வரிசையாகச் சீலிங்கை வெட்டினோம். அவர் அந்த முனையில், நான் இந்த முனையில். "இழு", "வுடு", "இழு" — நாள் முழுக்க இந்த இரண்டு வார்த்தைதான். ஒயர் சஹானா அறையில் முடிகிறது. மாமா ஏணிக்குக் கீழே வந்து நின்று, பர்ஸைத் திறந்து எதையோ எடுத்து நீட்டினார். அந்த ரெசிஸ்டர். இத்தனை நாள் வைத்திருந்திருக்கிறார்.

மாட்டினேன். மாமா கீழே போய்ப் பட்டனை அமுக்கினார்.

அறையே அதிர்ந்தது. ஏணி மேல் இருந்த நான் காதைப் பொத்திக்கொண்டேன். வாசலில் நின்ற மேடம் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஊருக்குப் போகாமல் இருந்த சஹானா கட்டிலில் அசையாமல் உட்கார்ந்து, விளக்கு மின்ன மின்ன, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அடுத்து வேலை எங்கே என்று தெரியாது. வரும் வழியில் மாமா திருப்போரூரில் வண்டியை நிறுத்தி இரண்டு டீ சொன்னார்.