ஒரு சாண் தண்ணீர்

அஃப்கே மகளுக்கு,

இங்கே நாங்கள் நலம். உன் அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. நீ பெர்கன் துறைமுகத்துக் குளிரில் கம்பளிக் காலுறை போடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

இந்தக் கையெழுத்து என்னுடையதல்ல. நான் சரக்குத் தோணியில் பிறந்தவன். பள்ளிக்கூடம் கரையில் இருந்தது, நாங்கள் தண்ணீரில் இருந்தோம். எழுதுகிறவள் ஹிஸ்கே, படகுகளுக்கு வயர் வேலை பார்ப்பவள். ஊரார் கல்யாண வீடியோவை டிவிடி ஆக்கித் தருபவளும் அவள்தான். நான் திட்டுகிற இடத்தில் பேனாவை நிறுத்திவிடுகிறாள். எழுது தாயே, என் மகள் கேட்காத வசவா என்றேன். எழுதுகிறாள்.

முதலில் பெட்டி விஷயம். நம் டிவிக்குக் கீழே இருக்கும் பதிவுப் பெட்டியைத் திருப்பித் தரச்சொல்லி கேபிள்காரர்கள் மூன்று கடிதம் போட்டார்கள். போன மாதம் ஆளே வந்துவிட்டான்.

"பழசைக் குடுத்தாத்தான் புதுசு, பெரியவரே" என்றான்.

"புதுசு யாரு கேட்டா?" என்றேன்.

"ஒங்க டிவி நின்னு போயிடும்."

"நிக்கட்டுமே. நான் பார்க்க வேண்டியது ஒரே ஒரு நிகழ்ச்சி. அது இதுக்குள்ளயே கெடக்கு."

காப்பி குடித்துவிட்டுப் போனான். மறுநாள் டிவி நின்றது. உன் அம்மா மூன்று வாரமாகத் தொடர் பார்க்கவில்லை. பெட்டிக்குள் இருப்பது ஆகஸ்டு மாதத்துப் பந்தயம் என்று அவளுக்கும் தெரியும்.

அந்த நாளை நான் மறக்கவில்லை. மேற்குக் காற்று, மூன்றேகால் மணி, நீ இடது காலை முன்னால் ஊன்றிச் சுக்கானைப் பிடித்திருந்தாய். கடைசி மிதவையைச் சுற்றினோம். படகின் பக்கவாட்டில் தண்ணீருக்குள் இறக்கும் பக்கப்பலகைக்குப் பக்கத்தில் நின்றவன் நான். படகுக்கும் மிதவைக்கும் நடுவில் ஒரு சாண் தண்ணீர் ஓடியது. என் கண்ணால் பார்த்தேன்.

பின்னால் வந்த படகின் கெர்பென் நீ மிதவையைத் தொட்டதாக நடுவர்களிடம் புகார் சொன்னான். தொட்டால் பந்தயம் போச்சு. நீ தொடவில்லை என்றாய். நான் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தேன். பெட்டியில் பதிவான பந்தயத்தை நகரத்துக் கடையில் கொடுத்து அவசரமாக டிவிடி ஆக்கி, நடுவர் குழுவின் மேசையில் நானே வைத்தேன். ஓட்டினார்கள். படகின் விளிம்பு மிதவைமேல் அப்பிக்கொண்டு நின்றது.

குழுத் தலைவன் சிட்ஸே என்னைப் பார்த்து, "பக்கத்துல நின்னவரு நீங்கதானே பெரியவரே, நீங்களே சொல்லுங்க" என்றான். நீயும் என்னைப் பார்த்தாய்.

"படத்துல அப்படித்தான் தெரியுது" என்றேன்.

மூன்றே சொல். தொப்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். தீர்ப்பு உனக்கு எதிராகப் போனது. அன்று சாயங்காலமே நீ பையைக் கட்டினாய்.

இப்போது ஹிஸ்கே கண்டுபிடித்ததைக் கேள். அவள் பெட்டியிலிருந்து பதிவை அப்படியே எடுத்துத் தன் கணினியில் போட்டாள். டிவிக்காரன் முழுப் படத்தை ஒரேயடியாக அனுப்புவதில்லையாம். படம் வரி வரியாக வருமாம்: ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணம். அதற்குள் படகும் நகரும், காமிராவும் நகரும். கடைக்காரன் இரண்டு கணத்தையும் ஒன்றாகப் பிசைந்து, அகலமான எச்.டி. படத்தைப் பாதிக்கும் கீழே சுருக்கிவிட்டான். முதல் கணத்துப் படகின் மேல் அடுத்த கணத்து மிதவை போய் உட்கார்ந்துகொண்டது. ஹிஸ்கே ஒவ்வொரு கணத்தையும் தனித்தனியே பிரித்து நிறுத்தினாள். மகளே, தண்ணீர் இருந்தது. அதில் வெயில்கூடப் பட்டுக்கொண்டிருந்தது.

சுருக்காமல் எச்.டி.யாகவே ஒரு டிஸ்கில் எழுதித் தந்தாள். சாதாரண டிவிடி தட்டுதான். அரை மணி நேரம்தான் கொள்ளும், ப்ளூ-ரே கருவியில்தான் ஓடும். படகுக் கழகத்தில் இருப்பதோ பழைய டிவிடி கருவி. அதனால் ஹிஸ்கேயின் கருவியைச் சைக்கிள் கூடையில் கட்டிக்கொண்டு, எதிர்க்காற்றில் ஒன்பது கிலோமீட்டர் மிதித்தேன். எண்பத்தொரு வயது என்று அம்மா கத்தினாள். காற்றுக்கு என் வயது தெரியாது என்றேன்.

சிட்ஸே சிரித்தான். "தீர்ப்பு சொல்லி மூணு மாசமாச்சு. முதல் டிஸ்கும் நீங்கதான் கொண்டுவந்தீங்க, ரெண்டாவதும் நீங்கதான். மூணாவது எப்ப வருது பெரியவரே?"

"மூணாவது வராது. இதான் டிவியில வந்தது. அது கடைக்காரன் கசக்கிப் போட்டது. பார்க்கப் பயமா இருந்தா சொல்லு, காப்பிக்கடைல போட்டுக்கறேன்."

அவன் பார்க்கவில்லை. காப்பிக்கடையில் போட்டேன். சனிக்கிழமை, இருபது பேர், கெர்பெனும் இருந்தான். ஹிஸ்கே அந்தக் கணத்தில் நிறுத்தினாள். ஒருவனும் கோப்பையை எடுக்கவில்லை. கெர்பென் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான்.

"அடச்சே, நடுவுல தண்ணி ஓடுதேய்யா!"

"எவ்வளவு?" என்றேன்.

"ஒரு சாண் இருக்கும்."

"என் மக அன்னிக்கே சொன்னா."

"சொன்னா. நீங்கதான் சொல்லல" என்றான். சரியாகத்தான் சொன்னான்.

புகாரைத் திரும்பப் பெறுவதாகக் கெர்பெனே குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். சிட்ஸேவுக்கு வேறு வழியில்லை. ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை பொதுக்கூட்டத்தில் டிஸ்கை ஓட்டுவார்கள். ஆனால் மறுவிசாரணையைச் சுக்கான் பிடித்தவர் நேரில் வந்து கேட்க வேண்டுமாம். நீ வராவிட்டால் நம் படகின் சுக்கான் சிட்ஸேயின் மருமகனுக்குப் போய்விடும். அவன் கயிற்றை ஷூ நாடா மாதிரி முடிச்சுப் போடுகிறவன்.

பெட்டியைக் கொடுக்க மாட்டேன். வக்கீல் வந்தாலும் காப்பிதான் கிடைக்கும். ஹிஸ்கே நான்கு பிரதி எழுதி வைத்திருக்கிறாள். ஒன்று இதோடு வருகிறது. உன் கப்பலில் ப்ளூ-ரே கருவி இருந்தால் கூட வேலை செய்பவர்களுக்கும் போட்டுக் காட்டு.

ஆனால் கூட்டத்தில் டிஸ்க் ஓடுவதற்கு முன்பே நான் எழுந்து நிற்பேன். படம் இல்லாமலே நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை அடுத்தவள் கையால் எழுதி அனுப்ப முடியாது. அதைச் சொல்லும்போது நீ எதிரில் இருக்க வேண்டும். இந்தத் தடவை தொப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவேன்.

வா மகளே. சுக்கானில் நீ விட்ட இடத்தில் இன்னும் யாரும் கை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. எந்தக் கடலில் இருந்தாலும் உன் கண் உன்னோடு இருக்கட்டும். அது பொய் சொல்லாத கண்.

உன் அப்பா
வோபே

பெயரை ஹிஸ்கே எழுதினாள். கீழே இருக்கும் கோணல் பெருக்கல் குறி நான் போட்டது.

✕