சமதளத்தில் நிறுத்திய கார்

அண்ணே, என் அண்ணே,

மூன்று வருஷமாக உன்னை இப்படிக் கூப்பிடவில்லை. எதிரே நீ வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மிளகுத் தோட்டத்துக்குள் இறங்கிப் போனவன் நான். போன மாசம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ விழுந்தாயே, அன்றைக்கும் பாடையின் ஒரு முனையைத் தூக்கினேனே தவிர வாய்விட்டு அழவில்லை. இப்போது கூப்பிடுகிறேன். என்ன பிரயோஜனம், சொல்லு.

காரியம் முடிந்ததும் அண்ணி கார் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "உங்கண்ணனுக்கு அப்புறம் நீதான ஓட்டோணும் சாமி" என்றார். மறுக்க முடியவில்லை. ஓட்டிவந்து என் வீட்டு வாசலில், சமதளத்தில் விட்டேன். மூன்று நாள் தொடவில்லை. நாலாம் நாள் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதே சத்தம், அண்ணே.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், நான் சொன்ன கதையைத்தான் ஊர் மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறது. நிறைமாசமாக இருந்த என் செல்விக்கு வலி கண்டது மத்தியானம். சந்தை நாள். ஊரில் இருந்த வண்டியெல்லாம் சந்தைக்குப் போயிருந்தது. நம் கார் மட்டும் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நின்றது. நீ எப்போதும் நிறுத்துகிற சிமெண்ட் சரிவில் எங்கள் மிளகு காய்ந்துகொண்டிருந்ததால் வியாழக்கிழமையே அங்கே கொண்டுபோய் விட்டிருந்தாய். மிளகு காயட்டும், வண்டியைக் கீழே விடு என்று உனக்குச் சொல்லி அனுப்பியவன் நான்தான்.

செல்வியைப் பின்சீட்டில் படுக்கவைத்துவிட்டு நீ சாவியைத் திருப்பினாய். டக். மறுபடியும் டக். அந்த மைதானத்துக்கு இரண்டு பக்கமும் ஏற்றம். தள்ளித் தள்ளிப் பார்த்தோம், வேகம் எடுக்கவில்லை. சந்தையிலிருந்து வேறொரு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு பாதி மலை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் குழந்தை. அழவே இல்லை.

மூன்றாம் நாள் மாரியம்மன் கோவில் வாசலில், ஊர்க்கவுண்டர் முன்னால் நான் கத்தினேன். லைட்டை அணைக்காமல் இறங்கிப் போய், பேட்டரியைச் சாகவிட்டு என் பிள்ளையைக் கொன்றுவிட்டான் என்றேன். இனி அவனுக்கும் எனக்கும் நல்லது கெட்டது எதுவும் கிடையாது என்றேன். நீ ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாய்.

"லைட்ட அணைச்சுப்புட்டுத்தான் எறங்குனேன் கண்ணு."

ஏன் அண்ணே ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டாய்? ஓங்கி ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா? நீ தலை குனிந்துகொண்டு போனதை, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நினைத்தேன். நீயேகூட அப்படித்தான் நினைத்துவிட்டாயோ? அதற்கப்புறம் அந்தக் காரை ஒரு நிமிஷம்கூடச் சமதளத்தில் நிறுத்தியதில்லையாம். பிரசவத்துக்கு யார் கூப்பிட்டாலும் எழுந்து ஓடினாயாம். அண்ணி சொன்னபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். நிதானமான மனுஷன். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிப் பார்த்தார். பேட்டரி நல்ல பேட்டரிதான், எங்கேயோ கரண்ட் லீக்கேஜ் இருக்கிறது என்றார். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்தார். சாவி என் பாக்கெட்டில். லைட் இல்லை, பாட்டு இல்லை. அப்போதும் மீட்டர் முக்கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. மூணு நாள் சும்மா நின்றால் இந்த பேட்டரி செத்துப்போகும் என்றார். வியாழன் முதல் ஞாயிறு வரை எத்தனை நாள் என்று என் மனசு அப்போதே எண்ணிவிட்டது.

இத்தனை வருஷம் எப்படித் தெரியாமல் போனது என்று அவருக்கு ஆச்சரியம். அவர் கீழ்நாட்டுக்காரர், அவருக்கு எப்படித் தெரியும்? நம் ஊரில் யார் செல்ஃப் போட்டு வண்டி எடுக்கிறார்கள்? இறக்கத்தில் நிறுத்தி டயருக்குக் கல் வைப்போம். காலையில் கல்லை எடுத்து, உருளவிட்டு, ரெண்டாவது கியரில் கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். பேட்டரி செத்ததா பிழைத்ததா என்று எவன் பார்த்தான்? மலை இருக்க பேட்டரி எதுக்குடா என்று நீயே சிரிப்பாய்.

அவர் ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கினார். மீட்டர் முள் இறங்கவில்லை. கடைசிப் பியூஸையும் எடுத்துவிட்டு, "எல்லாத்தையும் கழட்டியாச்சுங்க. அப்பவும் திங்குது" என்றார். பியூஸ் பெட்டிக்கு வராமல் பேட்டரியிலிருந்து நேராக ஏதோ போகிறது என்று குனிந்து தேடினார். சிவப்பு ஒயர் ஒன்று கறுப்பு டேப் சுற்றி, மிதியடிக்குக் கீழே ஓடி, முன்சீட்டுக்கு அடியில் இருந்த ஆம்ப்ளிஃபையருக்குப் போனது. தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது.

அந்த டேப்பைச் சுற்றியது என் கை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்த நோம்பித் திருவிழாவுக்கு, சாவியை எடுத்தாலும் பாட்டு ஓட வேண்டும் என்று நான்தானே இழுத்துக் கொடுத்தேன்? செல்விதான் டார்ச் பிடித்தாள். பாட்டை நிறுத்தினாலும் அந்தப் பெட்டி நிற்காது என்று எனக்குத் தெரியாது. குழந்தை போன பிறகு நீ அந்தக் காரில் பாட்டே போட்டதில்லையாம். ஆனாலும் அது சீட்டுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டே இருந்திருக்கிறது.

"ஏனுங்க, இத யாரு இப்படி இழுத்தது?" என்று கேட்டார் அவர்.

"எங்கண்ணன்" என்றேன்.

ஆமாம், சொன்னேன். வாயில் அதுதான் வந்தது. நீ செத்து ஒரு மாசம்தான் ஆகிறது, இதையும் உன் தலையில் கட்டினேன். மீட்டரைச் சுருட்டிக்கொண்டு அவர் போகும் வரைக்கும் செல்வி வாசப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "டார்ச்சப் புடிச்சவ நானு. எங்கிட்டயுமா பொய்?"

அதோடு என்னிடம் பேசுவதை விட்டுவிட்டாள். சோறு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள், பேச்சில்லை. உனக்கு நான் எதைக் கொடுத்தேனோ அதையே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஒயரை நானே அறுத்தேன். அதன் பிறகு வேண்டுமென்றே காரைப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன், அன்றைக்கு நின்ற அதே இடத்தில். நாலு நாள் தொடவில்லை. இன்று காலை சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. எஞ்சினை அணைக்கத் தோன்றாமல் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். பாடை தூக்கியபோது வராத அழுகை.

இனி உனக்கு என்ன செய்ய முடியும்? மன்னிப்புக் கேட்டால் கொடுக்க நீ இல்லை. ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். நாளைக்கே கீழே இறங்கிப் போய் அந்த எலக்ட்ரீஷியனிடம் உண்மையைச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை சந்தை கலைந்து சனங்கள் திரும்பியதும், அதே கோவில் வாசலில், அதே ஊர்க்கவுண்டர் முன்னால், அண்ணியையும் செல்வியையும் வைத்துக்கொண்டு சொல்வேன். அன்றைக்கு எவ்வளவு சத்தமாகக் கத்தினேனோ அவ்வளவு சத்தமாக. காறித் துப்புகிறவர்கள் துப்பட்டும், துடைத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
லைட்டை அணைத்துவிட்டு இறங்கியவனின் தம்பி