அலமாரியில் இருந்த பம்ப்

அன்பு மகள் ரிஹானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். இங்கே நம் தீவில், பாம்பூஃப்ளாட்டில் மழை விட்டபாடில்லை. போனில் பேசினால் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுகிறேன், அதனால்தான் கடிதம். அத்தாவுக்கு இந்த வயதில் கடிதம் கேட்கிறதா என்று சிரிக்காதே.

இன்று காரின் பெட்ரோல் பம்பை நானே மாற்றினேன். எட்டு மாதமாக நிற்கிற வண்டியை இப்போது எதற்குப் பிரிக்கிறீர்கள் பாய் என்று பக்கத்து வீட்டு ஆறுமுகம் கேட்டார். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டைத் தூக்கினேன். பம்ப் அதற்கு அடியில்தான் இருக்கிறது. அன்று உன் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்ததும் அந்தச் சீட்டில்தான். அவளுடைய முக்காட்டு ஊசி ஒன்று அங்கே கிடந்தது. சட்டைப் பையில் குத்தி வைத்திருக்கிறேன்.

படகுத்துறை ஜெட்டிக்கு முந்திய ஏற்றத்தில் வண்டி நின்றுபோனது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போக நாங்கள் பிடிக்க வேண்டிய, அக்கரை சாத்தம் போகிற படகு சங்கு ஊதிக் கிளம்பியது அவளுக்கும் கேட்டது. பதறாதீங்க, அடுத்த படகு வரும் என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள். அடுத்த படகு வந்தபோது அவள் பேசவில்லை.

சென்னையிலிருந்து பார்சலை ஒரு வாரம் முன்னால் அனுப்பியிருந்தால் அம்மா இருந்திருப்பாள் என்று நேற்றும் போனில் அழுதாய். பெருநாளுக்கும் நீ வரவில்லை. எந்த முகத்தோடு அந்த வீட்டுக்கு வருவேன் என்கிறாய்.

மகளே, நீ அனுப்பிய பம்ப் அந்த நாளுக்குப் பத்து நாள் முன்பே வந்துவிட்டது. கப்பல் தாமதம் என்று நான் சொன்னது பொய். நம் தீவுக்காரன் புத்தி உனக்குத் தெரியாததா? மெயின்லாண்டிலிருந்து வந்த ஸ்பேரை, பழையது முழுக்கச் சாகிறவரை தொட மாட்டோம். பழைய பம்ப் முனகிக்கொண்டுதான் இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று புதியதைப் பிரிக்காமல் அலமாரியில் அவள் புடவைகளுக்கு நடுவே வைத்தேன். மாட்டிவிடுங்களேன் என்று அவள் இரண்டு முறை சொன்னாள்.

இப்போது வண்டி ஓடுகிறது. சாவியைத் திருப்பினால் பின்னாலிருந்து மெல்லிய முனகல் கேட்கிறது. புது பம்பும் அப்படித்தான் சத்தம் போடும், எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது.

குற்றம் என்னுடையது, உன்னுடையது இல்லை. என்னை மன்னிக்க முடியாவிட்டால் மன்னிக்காதே. உன் வீட்டுக்கு மட்டும் வந்துவிடு. ஏர்போர்ட்டுக்கு வண்டியோடு வருகிறேன். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

முன்சீட்டிலேயே உட்கார்ந்துகொள், மகளே.

துஆவுடன்,
உன் அத்தா
அப்துல் வஹாப்