வலது கைக்கு மூன்று மணி நேரம்

திரேஸ்புரம், தூத்துக்குடி
3.3.2025

மரியே வாழ்க!

அன்புள்ள ஜெயஷீலாவுக்கு,

நான் சுகம். நம் மகள் ஸ்டெபியும் பிறந்திருக்கிற பேத்தியும் சுகந்தானே? ஊர் மாறினால் உனக்குச் சளி பிடிக்கும், வெந்நீரே குடி. எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பக்கவாதம் வந்த வலது கையால்தான் எழுதுகிறேன். வாரம் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பது பிசியோதெரபி டாக்டரம்மா உத்தரவு.

ஆஸ்பத்திரி ரோபோ மெஷினில் மாட்டினால் கை தலைக்கு மேலே போகிறது. வீட்டுக்கு வந்தால் இந்தக் கைத் துரை மடியை விட்டு அசையமாட்டார். அதைக் கண்காணிக்கத்தான் இரண்டு மணிக்கட்டிலும் வாட்ச் மாதிரிப் பட்டை. எந்தக் கை எவ்வளவு நேரம் அசைகிறது என்று எண்ணுகிறது. போன வாரம் வலது கை நாளைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். நீ கேட்ட மூன்று மணி நேரம் ஈஸ்டருக்குள் வந்துவிடும். அதுவரை நம் மீன்பிடி வள்ளத்தை லிங்கராஜ் அண்ணாச்சிக்கு விலை பேசி முடித்துவிடாதே, ஏளா.

உன்
செபாஸ்டின்

கோயம்புத்தூர்
11.3.2025

பிரியமுள்ள ஸ்டெபி அப்பாவுக்கு,

டாக்டரம்மா அனுப்பும் கணக்கு ஸ்டெபி போனுக்கு வந்தது. சனிக்கிழமை மட்டும் வலது கை ஐந்தரை மணி நேரம்! இடது கைக்குச் சரிக்குச் சரி! நான் போட்ட கத்தலில் பிள்ளை முழித்துவிட்டது. கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றினேன். ஒற்றைக் கையோடு கடலுக்குப் போய் என்னைத் தாலியறுக்க வைத்துவிடுவீர்களோ என்றுதானே விற்கச் சொன்னேன்? அண்ணாச்சிக்குப் போன் போட்டு, வள்ளம் கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அது கிடக்கட்டும், விடியற்காலை ஐந்து மணியிலிருந்து அப்படி என்ன வேலை? துணி துவைத்தீர்களா?

ஜெயஷீலா

திரேஸ்புரம்
17.3.2025

அன்புள்ள ஜெயஷீலாவுக்கு,

துணியும் துவைக்கவில்லை, ஒரு மண்ணும் செய்யவில்லை. தம்பி கிங்ஸ்டன் நம் வள்ளத்தைக் கடலுக்கு எடுத்தான். சும்மா உட்கார்ந்து வருகிறேன் என்று ஏறிவிட்டேன். அன்றைக்கு நல்ல காற்று. வள்ளம் ஆடிய ஆட்டத்தை இரண்டு பட்டையும் கணக்கில் எழுதியிருக்கிறது. டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். “அண்ணாச்சி, ஒங்க கை ஆடல, கடல்லா ஆடியிருக்கு!” என்று சொல்லி அந்த நாளையே கணக்கிலிருந்து அடித்துவிட்டார். மற்ற நாட்களுக்கு இரண்டு மணி நேரம்தான்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நீ மெழுகுதிரி ஏற்றினேன் என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வள்ளத்தை நீ என்ன செய்தாலும் சரி.

இன்னொன்று, கோபப்படாதே. நீ இங்கே இருந்த வாரம் இதே பட்டை காட்டியது அரை மணி நேரம். சட்டைப் பொத்தான் நீ போட்டாய், மீனில் முள் நீ எடுத்தாய், சோறும் நீயே ஊட்டினாய். இப்போது முள் எடுக்க ஆளில்லை. கை தானாக வருகிறது.

செபாஸ்டின்

கோயம்புத்தூர்
24.3.2025

எனக்குத் தெரியாமல் கடலுக்குப் போன ஸ்டெபி அப்பாவுக்கு,

படித்ததும் நன்றாகத் திட்டினேன். அந்த அரை மணி நேரம் வந்த இடத்தில் அழுதுவிட்டேன். உங்கள் கையை முடக்கிப் போட்டது நான்தானா? பக்கவாதம் வந்த அன்றைக்குக் கட்டிலை விட்டு எழ முடியாமல் என்னைப் பார்த்தீர்களே, அதிலிருந்து நீங்கள் ஒரு டம்ளரைத் தூக்கினாலும் எனக்குப் பதறுகிறது.

அண்ணாச்சிக்கு இன்னொரு போன் போட மாட்டேன். வள்ளம் நம்மிடமே இருக்கட்டும். கிங்ஸ்டன் ஓட்டட்டும், நீங்கள் உட்காருங்கள். பட்டையை மட்டும் கழற்றி வைத்துவிட்டு ஏறுங்கள்.

ஸ்டெபிக்குத் துணையாக அவள் மாமியார் வந்துவிட்டார். சனிக்கிழமை காலை ஊருக்கு வருகிறேன், பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். பெட்டியை நான் தொடமாட்டேன். வலது கையால் நீங்கள்தான் தூக்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் பக்கத்தில் நிற்பேன்.

ஜெயஷீலா