சிவத்த டீசல்

நவம்பர் 6, வியாழன்

மழை, காத்து. இலை அள்ளுற வேலை அப்பிடியே கிடக்கு. பஸ்ஸுக்கு நிண்டு நல்லா நனைஞ்சன்.

இவர் காரில விடுறன் எண்டார். மாட்டன் எண்டிட்டன். அந்தக் காரில போய் இறங்கினால் நான் வேலை செய்யிற பல் டொக்டரின்ர ஒஃபிசில "யார் பலகாரம் கொண்டு வந்தது" எண்டு கேக்கினம். பொரிச்ச எண்ணெய் மணம். கோட்டில ஏறினால் போகாது.

பழைய டீசல் கார். இவர் பென்சன் எடுத்த கையோட ஜூலையில வாங்கினது. ஓடுறது தேவன் அண்ணையின்ர பயோடீசலில. விட்பியில ஒரு சின்ன யூனிற் வாடகைக்கு எடுத்து, சாப்பாட்டுக் கடையளில கழிச்ச எண்ணெயை வாங்கிக் காய்ச்சிறார்.

இந்த நாட்டுக்கு வந்த புதிசில சென் ஜேம்ஸ் ரவுணில ஒரே அறையில ஏழு பேர் இருந்த காலத்தில இருந்து இவரும் அவரும் ஒண்டு. எங்கட கலியாணத்தில மாப்பிள்ளை பக்கத்துச் சொந்தமா நிண்டது அவர் ஒருத்தர்தான்.

வாங்க: சீரகம், பல்ப், இவரின்ர பிரஷர் குளிசை.

நவம்பர் 8, சனி

வெயில். ஆனால் கை விறைக்குது.

இவர் காருக்கு ஊத்த நான் புனல் பிடிச்சன். வழமையா தேவன் அண்ணையின்ர எண்ணெய் தேன் நிறம். இண்டைக்குச் சிவப்பு. சர்பத் மாதிரி.

"இதென்ன நிறம்?"

"குளிருக்கு உறையாமல் இருக்க டீசல் கலந்திருப்பான்."

"டீசல் சிவப்போ?"

எண்ணெய்க் கானை மூடி வைச்சிட்டு இலை அள்ளப் போயிட்டார். நான் மூண்டு கிழமையாக் கெஞ்சியும் அள்ளாத இலை. முப்பது வருசம் பஸ் கராஜில நிண்ட மனிசன். இவருக்குத் தெரியாத டீசலோ?

நவம்பர் 9, ஞாயிறு

காலமை முழுக்கக் கொம்பியூட்டரில. அரசாங்கத்தின்ர பக்கங்கள். மூண்டு தரம் வாசிச்சு விளங்கினது:

– சிவப்புச் சாயம் போட்டால் அது வரி இல்லாத டீசல். தோட்ட மெசினுக்கு, வீடு சூடாக்க. நம்பர் தகடு உள்ள காருக்கு ஊத்தக் கூடாது. பிடிச்சால் குற்றம்.
– பயோடீசலுக்கு முந்தி மாகாண வரி இல்லையாம். இப்ப இருக்கு, மற்ற டீசல் மாதிரியே. ஒட்டாவா மத்திய அரசுக்கு வேற.
– காய்ச்சி விக்கிறவர் பதிய வேணும். தன்ர காருக்கு மட்டும் காய்ச்சினாலும் வரி உண்டு.
– என்னத்தில காய்ச்சினது எண்டது கேள்வி இல்லை. றோட்டில ஓடினால் எரிபொருள்தான்.

மத்தியானம் சாப்பிடேக்க கேட்டன். "இஞ்சேருங்கோ, தேவன் அண்ணை பதிஞ்சிருக்கிறாரோ?"

"ஏன் கேக்கிறீர்?"

"பதியாட்டில் அவருக்குத்தான் கூடப் பிரச்சினை. எங்களுக்கும்தான்."

"அவன் ஒருத்தரையும் ஏமாத்திறவன் இல்லை."

"ஏமாத்திறார் எண்டு நான் சொல்லேல்லையே. தெரியாமல் இருக்கலாம்."

இவர் சோத்தைப் பிசைஞ்சுகொண்டே இருந்தார். பிறகு, "அவனிட்டை எண்ணெய் வாங்கிறது எத்தினை பேர் எண்டு தெரியுமோ உமக்கு? நான் ஒருத்தன்."

அப்பதான் விளங்கினது. மனிசி புவனா அக்கா செத்தாப் பிறகு ஆறு மாசம் கதவே திறக்காத மனிசன் தேவன் அண்ணை. இந்த எண்ணெய் காய்ச்சத் தொடங்கினாப் பிறகுதான் சவரம் எடுத்தவர், சிரிச்சவர். வாங்க ஒருத்தரும் இல்லை எண்டு இவர் தேடித் திரிஞ்சு டீசல் கார் வாங்கியிருக்கிறார். எனக்குச் சொன்ன காரணம் "டீசல் எஞ்சின் கனகாலம் உழைக்கும்."

பொய்காரன். கோவம் வரேல்லை.

நவம்பர் 10, திங்கள்

கார் நிக்குது. அவர் எடுக்கேல்லை, நான் கேக்கவும் இல்லை.

காலமை பஸ்ஸுக்கு இறங்க, தானும் ஜக்கெற் போட்டுக்கொண்டு வந்தார். எங்கட மல்வேர்னில இருந்து என்ர ஒஃபிஸ் வாசல் மட்டும் பக்கத்தில இருந்து வந்து, அதே பஸ்ஸில திரும்பிப் போனார். ஏன் எண்டு கேட்டால் "சும்மா."

நவம்பர் 12, புதன்

இடைவேளையில வரி ஒஃபிசுக்கு ஃபோன் அடிச்சன். முப்பத்தஞ்சு நிமிசம் பாட்டுக் கேட்டாப் பிறகு ஒரு மனிசி எடுத்தா. பேர் சொல்லாமல் கேக்கலாமோ எண்டன். கேளுங்கோ எண்டா. நல்ல குரல், அவசரமே இல்லை. சிவப்பை உடன வெளியில எடுக்கச் சொன்னா. வரி ஆக்கள் கண்டுபிடிக்க முன்னம் காய்ச்சிறவர் தானாப் போய்ச் சொன்னால் நல்லது எண்டா. "உங்கட நண்பருக்குச் சொல்லுங்கோ, இது முடிக்கக்கூடிய அலுவல்தான்."

பின்னேரம் இவருக்குச் சொன்னன். கை கோப்பையிலேயே நிண்டிட்டுது.

"கவண்மேந்துக்கு அடிச்சனீரோ?"

"பேர் சொல்லேல்லை."

"நம்பர் விழுந்திருக்கும்."

அகதிக் கேஸ் முடியும் மட்டும் எத்தினை வருசம் தபால்பெட்டிக்குப் பயந்தவர். கவண்மேந்தின்ர மண்ணிறக் கடிதம் கண்டால் இண்டைக்கும் நான்தான் உடைக்கிறது. எழும்பிப் போயிட்டார்.

ஆனால் நாளைக்கு எனக்குக் கட்டுற சாப்பாடு வழமை போல பிரிஜ்ஜில. கத்தரிக்காய் கூட வைச்சிருக்கிறார்.

நவம்பர் 15, சனி

ரெயினும் பஸ்ஸுமா விட்பி. வழியில இவர் சொன்னது ஒண்டுதான்: "நான் கதைக்கிறன். நீர் ஒண்டும் சொல்லாதேயும்."

தேவன் அண்ணையின்ர யூனிற் ஆஸ்பத்திரி மாதிரித் துப்பரவு. பீப்பாய் எல்லாத்திலயும் திகதி ஒட்டியிருக்கு. எங்களைக் கண்டதும் அவருக்கு என்ன சந்தோசம்! கேத்திலைப் போட்டார்.

இவர் அரைமணித்தியாலம் ஃபில்டரைப் பற்றிக் கதைச்சார். பிறகு பனியைப் பற்றி. பிறகு திரும்பவும் ஃபில்டர். பொறுக்கேலாமல் நான்தான் சொன்னன்.

"தங்கச்சி, உது மரக்கறி எண்ணெய். உதுக்கென்ன வரி?" தேவன் அண்ணை சிரிச்சார்.

"இருக்கு அண்ணை. நீங்கள் பதியவும் வேணும். அதோட அந்தச் சிவப்பு—"

"அது ஒரு தோட்டக்காரன் தந்தவன். குளிருக்குக் கலக்கச் சொன்னவன்."

"அது றோட்டுக்கு இல்லை அண்ணை."

அவர் இவரைப் பாத்தார். "உனக்குத் தெரியுமோடா?"

"கண்ட உடன தெரியும்," எண்டார் இவர். "சொல்லப் பயமாயிருந்தது."

"என்னட்டையோ? என்ன பயம்?"

"நீ இதை விட்டிட்டுத் திரும்பவும் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்திடுவாய் எண்டு."

கேத்தில் கொதிச்சு நிண்டுது. தேவன் அண்ணை ஊத்தேல்லை. கொஞ்சம் கொஞ்சமா அவருக்கு விளங்கினதை நான் முகத்தில கண்டன்.

"அப்ப நீ என்ர எண்ணெய் நல்லது எண்டு கார் வாங்கேல்லை. என்னில பரிதாபப்பட்டு வாங்கினனி."

தேவன் அண்ணை போய்க் கதவைத் திறந்து பிடிச்சார். "குளிர் கூட முன்னம் போங்கோ. பஸ் குறைவு."

ரெயினில இவர் கண்ணாடிப் பக்கம் திரும்பி இருந்தார். இவரின்ர கையை எடுத்து என்ர மடியில வைச்சன். இழுத்து எடுக்கேல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

முதல் பனி, தரையில நிக்கேல்லை.

இவர் பழைய கராஜ் ஆக்களிட்டைச் சொல்லி காரின்ர ராங்கை முழுக்க வடிச்சிட்டார். இப்ப சாதாரண டீசல். பலகார மணமே இல்லை.

தேவன் அண்ணைக்கு இண்டைக்கு நாலு தரம் அடிச்சார். எடுக்கேல்லை. நான் அடிச்சன். எடுக்கேல்லை.

நான் வரி ஒஃபிசுக்கு அடிச்சே இருக்கக் கூடாதோ? இவரிட்டை வாய்விட்டுக் கேட்டிட்டன். "இல்லை. நீர் செய்தது சரி. நான்தான் நாலு மாசம் அவனுக்குச் சிரிச்சுக்கொண்டிருந்தனான்."

நவம்பர் 20, வியாழன்

பல் டொக்டர் லீவு. வீடு துடைச்சன். மகள் ஃபோனில, "அம்மா, அங்கிள் இஸ் ஜஸ்ட் ஹேர்ட். கிவ் ஹிம் ரைம்." ஓம் எண்டன். அந்த மனிசன் தனிய இருக்கிற வீட்டில நேரம்தானே கூடிப்போய்க் கிடக்கு.

நவம்பர் 22, சனி

பத்து மணிக்கு பெல். தேவன் அண்ணை. சவரம் எடுத்திருக்கிறார். அதைத்தான் முதல் பாத்தன்.

உள்ள வந்து கோட்டும் கழட்டாமல் மேசையில ஒரு பதிவுப் போம் வைச்சார். "தங்கச்சி, இந்த ஆறாம் கேள்வி விளங்கேல்லை."

வரி ஒஃபிசுக்குத் தானே அடிச்சு எல்லாம் சொன்னவராம், தன்ர பேரோட. சிவப்பைத் தோட்டக்காரனிட்டைத் திருப்பிக் குடுத்தாச்சாம். பதிவு கிடைக்கும் மட்டும் ஒரு துளியும் விக்கிறதில்லையாம். வித்ததுக்கு உள்ள வரியைக் கட்டப் போறாராம்.

இவர் குசினி வாசலிலேயே நிண்டார். உள்ள வரவும் தெரியேல்லை, போகவும் தெரியேல்லை.

தேவன் அண்ணை தலை நிமித்தாமல் கேட்டார்: "பரிதாபத்தில வாங்கினியோ என்னத்தில வாங்கினியோ. ஓடினதோ, இல்லையோ?"

"ஓடினது."

"ஒழுங்கா?"

"புது பஸ் மாதிரி ஓடினதடா."

"அப்ப வந்து இரு."

ஆறாம் கேள்வி: ஆருக்கு விக்கிறீர்கள்? தேவன் அண்ணை கண்ணாடியைப் போட்டு, இங்கிலிசில இவரின்ர முழுப் பேரையும் எழுதினார். யோகநாதன், ஒரு எழுத்தும் பிழை இல்லை. கீழ நாலு கோடு வெறுமையாக் கிடந்தது.

"மிச்சத்துக்கு ஆரைப் போடப் போறாய்?" எண்டார் இவர்.

தேவன் அண்ணை பேனையோட என்னைப் பாத்தார். "தங்கச்சிக்குக் கார் ஓட லைசென்ஸ் இருக்கோ?"

நான் சிரிச்ச சிரிப்பில தேத்தண்ணி சிந்திப்போட்டுது. போமில இல்லை, நல்ல காலம்.

இப்ப ரெண்டு பேரும் வெளியில நிக்கினம். காரின்ர பொனற்றைத் திறந்து வைச்சு அந்த ஃபில்டரைப் பற்றித்தான் கதை. மூண்டு தரம் கூப்பிட்டிட்டன். சோறு ஆறுது.